ஆர்டிசி தேதி தப்பாக வருகிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிப்பது

லினக்ஸ் ஓடும் சின்ன போர்டுகளில் ஆர்டிசி சிப்பை (மின்சாரம் இல்லாதபோதும் பேட்டரியில் நேரத்தைக் காக்கும் கடிகாரம்) சேர்த்த பிறகு வரும் தேதிக் கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. சிப்புக்குத் தெரிந்த நாட்காட்டி ரொம்பச் சிறியது. ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டுமே பல சிப்கள் வைத்திருக்கும். எந்த நூற்றாண்டு என்பது அவற்றுக்குத் தெரியாது. 2000 லீப் ஆண்டு, 2100 லீப் ஆண்டு இல்லை என்கிற நுணுக்கமும் தெரியாது. நான்கால் வகுபட்டால் லீப், அவ்வளவுதான். மிச்சத்தை டிரைவர் (சிப்போடு பேசும் மென்பொருள்) நிரப்ப வேண்டும். அங்கே டிரைவர் ஊகிக்கத் தொடங்கினால் தேதி கெடும். ஊகிக்காமல் பிழை எண்ணைத் திருப்பினால் பயனர் எரிச்சல்படுவார், ஆனால் தப்பான தேதி எங்கும் பதிவாகாது. இரண்டாவது வகை டிரைவர்தான் நல்ல டிரைவர் என்பது என் கட்சி. கீழே வரும் பல அறிகுறிகளை அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ரிஜிஸ்டர்

தேதி நான்கு இடங்களைத் தாண்டி உங்கள் கண்ணுக்கு வருகிறது: சிப், டிரைவர், கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) பொதுவான ஆர்டிசி பகுதி, கடைசியில் எச்டபிள்யூ-கிளாக் மாதிரியான கட்டளை. மேலிருந்து கீழே தேடினால் நாள் போய்விடும். கீழிருந்து, அதாவது சிப் தேதியை வைத்திருக்கும் ரிஜிஸ்டர்கள் என்ற சின்ன நினைவக இடங்களிலிருந்து தொடங்குங்கள்.

ஐ2சி பஸ்ஸில் (சிப்களை இணைக்கும் இரு கம்பித் தடம்) இருக்கும் சிப் என்றால் ஐ2சி-டிடெக்ட் ஓட்டிப் பாருங்கள். டிஎஸ்1307, டிஎஸ்3231 இரண்டும் ஹெக்ஸ் 68 முகவரியிலும் பிசிஎஃப்8563 ஹெக்ஸ் 51 முகவரியிலும் இருக்கும். அந்தக் கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக இரண்டு 'யு' எழுத்து தெரிந்தால் டிரைவர் சிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது ரிஜிஸ்டர்களைப் படித்துக் காட்டும் ஐ2சி-டம்ப் கட்டளைக்குக் கட்டாயப்படுத்தும் 'எஃப்' சுவிட்ச் கொடுக்க வேண்டும். வெறுமனே படிப்பதால் இந்தச் சிப்களுக்கு ஒன்றும் ஆகாது. எழுதத்தான் கூடாது.

டிஎஸ்3231 சிப்பில் முதல் ஏழு பைட்டுகள் இப்படி வந்தன என்று வைத்துக்கொள்வோம்:

45 12 09 05 29 02 24

வரிசையாக விநாடி, நிமிடம், மணி, கிழமை, நாள், மாதம், ஆண்டு. 2024 பிப்ரவரி 29, காலை 9:12:45. கிழமை 5. லினக்ஸ் டிரைவர் ஞாயிற்றுக்கிழமையை 1 என்று எழுதுவதால் 5 என்றால் வியாழன். அன்று வியாழன்தான். ஒவ்வொரு தசம இலக்கத்தையும் நான்கு பிட்டில் தனியாக வைக்கும் பிசிடி முறையில் இருப்பதால் ஹெக்ஸாகப் பார்க்கும்போதே மனிதர் படிக்கும் தேதியாகத் தெரியும். கணக்குப் போட வேண்டிய வேலை இல்லை. மாதம் 02க்குப் பதில் 82 என்று இருந்தால் மேல் பிட் எழுந்திருக்கிறது, அதாவது நூற்றாண்டு பிட். அதைப் பற்றி அப்புறம்.

ரிஜிஸ்டரில் தேதி சரி, திரையில் தப்பு என்றால் சிப்பை விட்டுவிடுங்கள். ரிஜிஸ்டரிலேயே தப்பு என்றால் பேட்டரியையும், எழுதியவர் யார் என்பதையும் பாருங்கள். பூட்லோடர் (லினக்ஸை ஏற்றிவிடும் நிரல்), கெர்னல், நீங்கள் என்று மூன்று பேர் எழுதியிருக்கலாம்.

அறிகுறி: ஒவ்வொரு முறை பவர் போட்டதும் 2000 ஜனவரி 1

இது டிரைவரின் வரம்புப் பிரச்சினை இல்லை. டிஎஸ்3231 மின்சாரத்தை முழுக்க இழந்து மீண்டால் ரிஜிஸ்டர்கள் 2000 ஜனவரி 1, நள்ளிரவு என்றுதான் தொடங்கும். பேட்டரி காலி, அல்லது பேட்டரி தொடர்பு விட்டிருக்கிறது. நிலை ரிஜிஸ்டரான ஹெக்ஸ் 0எஃப் முகவரியில் மேல் பிட் 1 ஆக இருந்தால் ஆசிலேட்டர் (கடிகாரத் துடிப்பைத் தருவது) நடுவில் நின்றிருக்கிறது என்று சிப்பே ஒப்புக்கொள்கிறது. ஆனால் டிரைவர் ஏறும்போதே அந்தப் பிட்டைத் துடைத்துவிட்டு, நேரத்தை அமைக்கச் சொல்லி ஒரு வரி எச்சரிக்கையைக் கெர்னல் பதிவில் போட்டுவிட்டுப் போய்விடுவதுண்டு. அதனால் ரிஜிஸ்டரில் தடயம் இல்லை என்றாலும் டி-மெசேஜ் கட்டளை காட்டும் அந்தக் கெர்னல் பதிவில் தேடுங்கள். டிஎஸ்1307க்கு இதே டிரைவர் வேறு மாதிரி நடந்துகொள்ளும்: விநாடி ரிஜிஸ்டரின் மேல் பிட் எழுந்திருந்தால் கடிகாரம் நின்றிருக்கிறது என்று கண்டு, தேதியைத் தரவே மறுத்துவிடும். இரண்டில் எது மேல் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு இடைச்செருகல். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் டிஎஸ்3231 பலகைகள் பலவற்றில் பேட்டரியை சார்ஜ் செய்யும் சுற்று இருக்கிறது. அது எல்ஐஆர்2032 போன்ற ரீசார்ஜ் பேட்டரிக்கானது. அதில் சாதாரண சிஆர்2032 போட்டால் ஆபத்து. சார்ஜ் பாதையிலுள்ள ரெசிஸ்டரையோ டயோடையோ எடுத்துவிட்டுப் போடுங்கள்.

2000ம் இல்லாமல் 1970ம் இல்லாமல், ஏதோ ஒரு சமீபத்திய தேதி ஒவ்வொரு பூட்டிலும் அப்படியே திரும்பி வந்தால் அது ஆர்டிசி தந்ததே அல்ல. கணினி நேரம், சிஸ்டம்டி (லினக்ஸின் தொடக்க நிரல்) தொகுக்கப்பட்ட காலத்துக்கும் முந்தையதாக இருந்தால் அது நேரத்தைத் தானே முன்னே தள்ளிவிடும். ராஸ்பெர்ரி பையில் ஃபேக்-எச்டபிள்யூ-கிளாக் இருந்தால் கடைசியாகச் சேமித்த நேரத்தை அது எடுத்துக் கொடுக்கும். பை 5க்கு முந்தைய போர்டுகளில் ஆர்டிசியே கிடையாது என்பதால் செய்த ஏற்பாடு அது. ஆர்டிசி பொருத்திய பிறகு அதை நீக்கிவிடுவது நல்லது; இல்லையென்றால் எது யார் கொடுத்த தேதி என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

அறிகுறி: தேதியை எழுதப்போனால் "நியூமரிக்கல் ரிசல்ட் அவுட் ஆஃப் ரேஞ்ச்"

இதைப் பார்த்ததும் சிப் கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. இது ஒரு நல்ல டிரைவரின் குரல். 2018 வாக்கில் கெர்னலின் ஆர்டிசி பகுதியில் ஒரு வசதி வந்தது: தன்னால் தாங்க முடிந்த முதல் நொடி எது, கடைசி நொடி எது என்று டிரைவர் முன்கூட்டியே அறிவிக்கலாம். ரேஞ்ச்-மின், ரேஞ்ச்-மேக்ஸ் என்று இரண்டு மதிப்புகள். அந்த எல்லைக்கு வெளியே எந்தத் தேதி வந்தாலும் கெர்னல் டிரைவரைக் கூப்பிடாமலேயே திருப்பி அனுப்பிவிடும்.

உங்கள் சிப்பின் எல்லையைப் பார்க்க, சிஸ் அடைவுக்குள் கிளாஸ், அதற்குள் ஆர்டிசி, அதற்குள் ஆர்டிசி0 என்று போனால் 'ரேஞ்ச்' என்ற கோப்பு இருக்கும். ஆர்வி-3028 சிப்புக்கு அது இப்படிக் காட்டும்:

[946684800,4102444799]

1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய விநாடிகள் இவை. முதல் எண் 2000 ஜனவரி 1 நள்ளிரவு, இரண்டாவது 2099 டிசம்பர் 31 இரவு 23:59:59, இரண்டும் யுடிசி (உலகப் பொது நேரம்). 'ரேஞ்ச்' கோப்பே இல்லை என்றால் டிரைவர் எல்லையை அறிவிக்கவில்லை. எல்லை இல்லை என்று அர்த்தம் இல்லை.

சரி, 2099ஐத் தாண்டி யார் எழுதப்போகிறார்கள்? யாரும் இல்லை. இந்தப் பிழை வருவதெல்லாம் கீழ் எல்லையில்தான். போர்டு இணையம் இல்லாமல் பூட் ஆகிறது, கணினி நேரம் 1970ல் நிற்கிறது, ஏதோ ஒரு தொடக்க ஸ்கிரிப்ட் கணினி நேரத்தை ஆர்டிசிக்கு எழுதப்பார்க்கிறது. 1970 என்பது 2000க்கு முன்னால். மறுப்பு. ஆக, பிழை வந்தால் முதலில் கணினி நேரம் என்ன என்று பாருங்கள். அது சரியானால் எழுதுவதும் சரியாகும். அந்த ஸ்கிரிப்டை இணைய நேரம் கிடைத்த பிறகு ஓடும்படி மாற்றுங்கள். அதைவிட, கணினியை மூடும்போது மட்டும் எழுத வைப்பது இன்னும் பாதுகாப்பு.

நம் ஊர் நேரத்தில் இருப்பவர்கள் மட்டும் மாட்டிக்கொள்ளும் ஒன்று இருக்கிறது. சோதனைக்காக "2000-01-01 00:00:00" என்று எழுதிப் பார்ப்போம், மறுத்துவிடும். எல்லை அதே நாள்தானே, ஏன் மறுக்கிறது? சென்னையில் நள்ளிரவு 12 என்றால் யுடிசியில் அது முந்தைய நாள் மாலை 18:30, அதாவது 1999. காலை 05:30:00 என்று கொடுத்துப் பாருங்கள், ஏற்றுக்கொள்ளும். மேல் எல்லையில் இதற்கு நேர்மாறு: நம் நேரப்படி 2100 ஜனவரி 1 காலை 05:29:59 வரை எழுதலாம். எல்லையைச் சோதிக்கும்போது யுடிசி சுவிட்ச் போட்டு, தேதியையும் யுடிசியிலேயே கொடுத்தால் இந்தக் குழப்பம் வராது.

இதே தவறுக்கு டிஎஸ்1307 டிரைவரிடம் "இன்வேலிட் ஆர்கியுமென்ட்" என்று வேறு பிழை வரும். அந்த டிரைவர் ஆண்டுச் சரிபார்ப்பைத் தன் எழுதும் செயல்கூறுக்குள்ளேயே வைத்திருக்கிறது. காரணம் ஒன்றுதான், வாய்தான் வேறு.

அறிகுறி: படிக்கும்போதே "இன்வேலிட் ஆர்கியுமென்ட்"

இரண்டு சாத்தியம். ஒன்று, மின்சாரம் போய் வந்ததற்கான கொடி எழுந்திருக்கிறது. பிசிஎஃப்8563ல் விநாடி ரிஜிஸ்டரின் மேல் பிட், ஆர்வி-3028ல் தனியாக ஒரு பிட். "என் தேதியை நம்பாதே" என்று சிப் சொல்வதை டிரைவர் மரியாதையாக மேலே கடத்துகிறது. சரியான தேதியை ஒரு முறை எழுதினால் கொடி இறங்கும், பிழை போகும். மறுபடி மறுபடி வந்தால் பேட்டரியைப் பாருங்கள்.

இன்னொன்று, தேதியே நாட்காட்டியில் இல்லாதது. டிரைவர் தந்த தேதியைக் கெர்னல் ஒரு முறை சரிபார்க்கும். பிப்ரவரி 30, 13ஆம் மாதம், 61ஆம் நிமிடம் எல்லாம் அங்கே அடிபடும். 1970க்கு முந்தைய ஆண்டுகளும் அடிபடும். ரிஜிஸ்டரைப் படித்தால் எது இடிக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

அறிகுறி: பூட்லோடரில் 1926, லினக்ஸில் 2026

நூறு ஆண்டு வித்தியாசம் என்றால் நூற்றாண்டு பிட்டைத் தவிர வேறு எதையும் சந்தேகிக்க வேண்டாம். பல சிப்களில் மாத ரிஜிஸ்டரின் மேல் பிட் இதற்காக இருக்கிறது. ஆண்டு 99லிருந்து 00க்குத் தாவும்போது அது மாறும். மாறினால் என்ன அர்த்தம்? அங்கேதான் வம்பு. பிசிஎஃப்8563 ஆவணம் சொல்வது: 0 என்றால் 2000களின் ஆண்டு, 1 என்றால் 1900களின் ஆண்டு. அதே ரிஜிஸ்டர் அமைப்புள்ள ஆர்டிசி8564 ஆவணம் சொல்வது: 20ஆம் நூற்றாண்டில் 0 வைத்துத் தொடங்கினால் 2000ல் அது 1 ஆகும். ஒரே பிட், ஒன்றுக்கொன்று நேர் எதிரான பொருள்.

லினக்ஸின் பிசிஎஃப்8563 டிரைவர் இதை அழகாகத் தாண்டியது. நூற்றாண்டு பிட்டை வைத்து ஆண்டைத் தீர்மானிப்பதில்லை. இரண்டு இலக்க ஆண்டை ஒரு நிலையான நூறு ஆண்டுச் சாளரத்துக்குள் எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டுக்கு இந்தப் பிட் என்னவாக இருக்கிறது என்று பார்த்து, இந்தச் சிப்பில் எது எந்த நூற்றாண்டு என்று நினைவில் வைத்துக்கொள்ளும். மறுபடி எழுதும்போது அதே வழக்கத்தில் எழுதும். அதனால் பிட் எப்படி இருந்தாலும் லினக்ஸ் 2026 என்றுதான் காட்டும். ஆவணத்தை எழுத்துக்கு எழுத்து நம்புகிற பூட்லோடரோ மைக்ரோகன்ட்ரோலர் நிரலோ அதே பைட்டைப் படித்து 1926 என்று காட்டும்.

சரிசெய்வது எளிது. இரண்டில் கண்டிப்பான நிரல் எதுவோ, அதிலிருந்து ஒரு முறை தேதியை எழுதுங்கள். பிட் அதன் வழக்கத்துக்கு மாறும். லினக்ஸ் அதைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ளும்.

பிசி மதர்போர்டுகளில் இருக்கும் சிமாஸ் கடிகாரத்துக்கும் கிட்டத்தட்ட இதே கதை. மோட்டரோலா எம்சி146818 வழியில் வந்த அதில் இரண்டு இலக்க ஆண்டுதான். நூற்றாண்டுக்கான இடம் எங்கே என்பதை மதர்போர்டு ஃபர்ம்வேர் தரும் ஏசிபிஐ அட்டவணை சொன்னால் உண்டு. சொல்லாவிட்டால் 70 முதல் 99 வரை 1900களின் ஆண்டாகவும், 00 முதல் 69 வரை 2000களின் ஆண்டாகவும் கெர்னல் எடுத்துக்கொள்ளும்.

அறிகுறி: ஆண்டு மட்டும் திடீரென்று பல வருடம் முன்னே

2026ல் இருக்கிறோம், திரையில் 2038. இதை 32 பிட் பிரச்சினை (32 பிட் நேர எண் 2038ல் நிரம்பிவிடுவது) என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். பிசிடியில் 26 என்பது ஹெக்ஸ் 26. அதைப் பிசிடியிலிருந்து மாற்றாமல் அப்படியே எண்ணாக எடுத்தால் 38. டிரைவரில் ஆண்டு வரியில் மட்டும் மாற்றும் செயல்கூறு விட்டுப்போயிருக்கிறது. 2009 வரை இந்தப் பிழை கண்ணுக்கே தெரியாது, ஏனென்றால் 0 முதல் 9 வரை இரண்டு முறையிலும் ஒரே எண். 2010ல்தான் 10 என்பது 16 ஆகும். 2010 ஜனவரியில் சில கைபேசிகளில் வந்த குறுஞ்செய்திகள் 2016 என்று தேதி போட்டுக்கொண்டு வந்தது நினைவிருக்கலாம். 10க்கும் 16க்கும் உள்ள இந்த இடைவெளியைத்தான் பலரும் காரணமாகச் சொன்னார்கள்.

நாள் வரியில் இதே தவறு இருந்தால் மாதத்தின் முதல் ஒன்பது நாள் எல்லாம் சரியாக ஓடும், பத்தாம் தேதி 16 ஆகும், 20ஆம் தேதி 32 ஆகிக் கெர்னல் மறுக்கும். "மாதத் தொடக்கத்தில் நன்றாக இருந்தது" என்று யாராவது சொன்னால் பிசிடியை முதலில் பாருங்கள். எழுதும் திசையில் விட்டுப்போனால் ரிஜிஸ்டரில் 1ஏ, 1எஃப் மாதிரி எழுத்து கலந்த பைட் தெரியும். பிசிடியில் எழுத்துக்கு இடமே இல்லை. அதைப் பார்த்ததும் வழக்கு முடிந்தது.

அறிகுறி: ஒரு நாள் பிந்துகிறது, ஒரு நாள் முந்துகிறது

இதுதான் இருப்பதிலேயே சுவாரசியமான வகை. தேதி கெட்ட நாள் எது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

டிசம்பர் பிறந்ததும் பிந்தத் தொடங்கினால்: ராக்சிப்பின் ஆர்கே808 என்ற பவர் சிப்பில் உள்ள ஆர்டிசி, நவம்பருக்கு 31 நாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. டிசம்பர் 1 அன்று அது நவம்பர் 31 என்று காட்டும், கெர்னல் அதை ஏற்காமல் பிழை தரும். மறுநாளிலிருந்து பிழை மறைந்துவிடும், தேதி மட்டும் ஒரு நாள் பின்தங்கியே ஓடும். சிலிக்கானில் இருக்கும் தவறு என்பதால் சிப்பைத் திருத்த முடியாது. 2015 இறுதியில் லினக்ஸ் டிரைவருக்கு ஒரு தீர்வு சேர்க்கப்பட்டது. 2016 ஜனவரி 1 அன்று சிப்பின் நாட்காட்டியும் நம் நாட்காட்டியும் ஒத்திருந்தன என்று நங்கூரம் போட்டு, அதிலிருந்து கடந்து போன ஒவ்வொரு நவம்பருக்கும் ஒரு நாளைக் கூட்டிக் கழிப்பது. கணக்கு எளிது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அதே சிப்பைப் படிக்கும் பூட்லோடரும் இதே கணக்கை, இதே நங்கூர தேதியோடு போட வேண்டும். இல்லையென்றால் ஒன்று எழுதியதை இன்னொன்று தப்பாகப் படிக்கும். ராக்சிப் போர்டில் பூட்லோடருக்கும் லினக்ஸுக்கும் சில நாட்கள் வித்தியாசம் இருந்து, அது ஆண்டுக்கு ஒன்றாக ஏறிக்கொண்டே போனால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

மார்ச் பிறந்ததும் கெட்டால் லீப் ஆண்டுக் கணக்கு. 2010 மார்ச் 1 அன்று பழைய பிளேஸ்டேஷன் 3 கருவிகள் பல தடுமாறி நின்றன. அவற்றின் உள் கடிகாரம் 2010ஐ லீப் ஆண்டு என்று எண்ணியதே காரணம் என்று சோனி சொன்னது.

ஆல்வின்னர் ஏ10 மாதிரியான சிப்களில் இது லீப் ஆண்டா இல்லையா என்பதற்கே தனி பிட் உண்டு. தேதியை எழுதும்போது டிரைவர்தான் அதைக் கணக்கிட்டுப் போட வேண்டும். சொந்தமாக டிரைவர் எழுதுபவர்கள் அந்தப் பிட்டை மறந்தால் பிப்ரவரி 29 கிடைக்காது.

டிசம்பர் 31ல் நின்றுபோனால்: 2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்டின் 30 ஜிபி ஸூன் பிளேயர்கள் உலகமெங்கும் உறைந்தன. ஃப்ரீஸ்கேல் சிப்புக்கான கடிகார டிரைவரில் நாட்களை ஆண்டாக மாற்றும் ஒரு சுழல் இருந்தது. நாட்கள் 365ஐவிட அதிகமாக இருக்கும்வரை சுற்று. லீப் ஆண்டு என்றால், நாட்கள் 366ஐவிட அதிகமா என்று பார், அதிகமென்றால் 366ஐக் கழித்து ஆண்டைக் கூட்டு. லீப் ஆண்டின் கடைசி நாளில் எண்ணிக்கை சரியாக 366. 365ஐவிட அதிகம், அதனால் சுழல் நிற்காது. 366ஐவிட அதிகமில்லை, அதனால் எதையும் கழிக்காது. அன்று முழுக்க அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பேட்டரி தீரவிட்டு, மறுநாள் போட்டால் சரியாகிவிடும் என்பதுதான் அன்று தரப்பட்ட தீர்வு. நாள் எண்ணிக்கையை வைத்திருக்கும் சிப்புக்கு டிரைவர் எழுதுகிறீர்கள் என்றால் இந்த மாற்றத்தை நீங்களே எழுதாதீர்கள். கெர்னலில் இதற்கென்று சோதிக்கப்பட்ட செயல்கூறு இருக்கிறது, அதைக் கூப்பிடுங்கள்.

2100 பற்றியும் ஒரு வார்த்தை. டிஎஸ்1307 டிரைவர் குடும்பத்தில் நூற்றாண்டு பிட்டைப் பயன்படுத்தச் சொல்லும் கெர்னல் அமைப்பு ஒன்று உண்டு. போட்டால் 2199 வரை எழுத அனுமதி. ஆனால் சிப்பின் ஆவணமே லீப் ஆண்டுத் திருத்தம் 2100 வரைதான் என்கிறது. 2100 பிப்ரவரி 28க்கு அடுத்து சிப் 29க்குப் போகும், அன்று ஒரு நாள் படிக்க முடியாமல் பிழை, மார்ச்சிலிருந்து ஒரு நாள் பின்தங்கல். எல்லையை 2099 என்று வைத்திருப்பவர்கள் சோம்பலால் வைக்கவில்லை.

அறிகுறி: 2034 என்று எழுதினால் மறுக்கிறது

இரண்டு இலக்கம்கூட இல்லாத சிப்கள் உண்டு. ஆரஞ்ச் பை போன்ற போர்டுகளில் இருக்கும் ஆல்வின்னர் எச்3 சிப்பின் ஆர்டிசியில் ஆண்டுக்கு 6 பிட் மட்டுமே, அதாவது 64 ஆண்டுகள். லினக்ஸ் டிரைவர் 1970லிருந்து எண்ணுவதால் 2033 டிசம்பர் 31 இரவோடு கதை முடிகிறது. எல்லோரும் 2038ஐப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, இது அதற்கு நான்கு வருடம் முன்பே நின்றுவிடும். ஏ10லும் இதே 6 பிட்தான், ஆனால் அதன் டிரைவர் 2010லிருந்து எண்ணுகிறது, 2073 வரை போகும். எச்616 வந்தபோது ஆல்வின்னர் ஆண்டு, மாதம் என்ற பிரிவையே விட்டுவிட்டு 16 பிட் நாள் எண்ணிக்கைக்கு மாறிக்கொண்டது. அது 2149 வரை தாங்கும்.

எச்3 போர்டைப் பத்து வருடம் ஓட வேண்டிய கருவியில் வைக்கிறீர்களா? டிவைஸ் ட்ரீயில் (போர்டின் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) ஆர்டிசி முனையில் 'ஸ்டார்ட்-இயர்' என்ற பண்பைச் சேருங்கள். 2020 என்று கொடுத்தால் சாளரம் 2020 முதல் 2083 வரை நகரும். டிரைவரில் ஒரு வரியும் மாற்ற வேண்டாம், கெர்னலின் பொதுப் பகுதியே பார்த்துக்கொள்ளும். 2020 முதல் 2033 வரையான தேதிகள் பழையபடியே சிப்பில் இருக்கும். சிப்பில் 1970 முதல் 2019 வரை உள்ள இடம் சும்மா கிடக்கிறது அல்லவா, அதை 2034 முதல் 2083 என்று மறுபடி பயன்படுத்திக்கொள்ளும்.

இதில் கவனிக்க வேண்டியவை: மின்சாரம் போய் சிப் 1970க்குத் திரும்பினால், இனிமேல் உங்களுக்குத் தெரிவது 1970 அல்ல, 2034. "எதிர்காலத்துக்குத் தாவுகிறது" என்று ஒரு புது அறிகுறி பிறக்கும். அப்புறம், ஸ்டார்ட்-இயர் பண்பைப் பூட்லோடர் மதிக்காவிட்டால் 2034க்குப் பிறகு அது 1970ஐத்தான் பார்க்கும். ஏற்கெனவே களத்தில் இருக்கும் கருவிகளில் இந்த ஆண்டைப் பிறகு மாற்றவும் கூடாது. மாற்றினால் சிப்பில் உள்ள அதே பைட்டுகளுக்கு வேறு தேதி வந்துவிடக்கூடும்.

அறிகுறி: 32 பிட் போர்டு பூட் ஆகாமல் தொங்குகிறது

பேட்டரி போன சிப் குப்பைத் தேதி தருகிறது, அது 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8:44:07க்குப் பிறகு விழுகிறது. பூட்டின்போது அந்தத் தேதியைக் கணினி நேரமாக ஏற்க 32 பிட் கெர்னலே மறுத்துவிடும், அது ஒரு காப்பு. ஆனால் ஸ்கிரிப்ட் வழியாக எச்டபிள்யூ-கிளாக் ஏற்றினால் காப்பு இல்லை. பழைய 32 பிட் நிரல்கள் நேரத்தை எதிர்மறை எண்ணாகப் பார்த்துத் திணறும். சீரியல் கேபிள் போட்டு, பூட்லோடரில் ஆர்டிசி தேதியை மாற்றிவிட்டு எழுப்புங்கள். நிரந்தரத் தீர்வு 64 பிட் நேரத்துக்கு மாறுவது: கெர்னல் 5.6, சி நூலகமாக ஜிலிப்சி 2.34 அல்லது மஸல் 1.2, இவற்றோடு எல்லா நிரல்களையும் மறுபடி கட்ட வேண்டும். 32 பிட் ஆர்ம் வகையான ஆர்ம் எச்எஃப்புக்கு டெபியன் 13 அதைச் செய்துவிட்டது.

அறிகுறி: தேதி சரி, அலாரம் மட்டும் தப்பான நாளில்

அலாரத்தின் எல்லை கடிகாரத்தின் எல்லையைவிட மிகக் குறுகியது. டிஎஸ்3231, பிசிஎஃப்8563 இரண்டிலும் அலாரத்துக்கு நாள் உண்டு, மாதம் கிடையாது. மூன்று மாதம் தள்ளி 15ஆம் தேதி என்று வைத்தால் அடுத்து வரும் 15ஆம் தேதியே அடிக்கும். பிசிஎஃப்8563 அலாரத்தில் விநாடியும் இல்லை. சில பிசிக்களின் சிமாஸ் அலாரத்தில் நாளும் இல்லை; ஒரு நாளைத் தாண்டி வைத்தால் கெர்னல் பதிவில் அதையே பிழையாகச் சொல்லும். நெடுந்தூர அலாரம் வேண்டுமென்றால் எல்லைக்குள் ஒன்றை வைத்து, எழுந்ததும் இன்னும் நேரம் இருந்தால் மறுபடி வைத்துவிட்டுத் தூங்கும்படி நிரல் எழுதுங்கள்.

அறிகுறி: சரியாக ஐந்தரை மணி நேரம் வித்தியாசம்

டிரைவரைத் தொடாதீர்கள். ஒரு பக்கம் ஆர்டிசியை யுடிசியாகவும் இன்னொரு பக்கம் உள்ளூர் நேரமாகவும் எடுக்கிறது. ஒரே கணினியில் விண்டோஸும் இருந்தால் அதுதான். ஈடிசி அடைவில் 'அட்ஜ்டைம்' கோப்பின் மூன்றாவது வரி யுடிசியா லோக்கலா என்று பாருங்கள்.

திருத்திய பிறகு சோதிப்பது

முதலில் என்டிபியை (இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் சேவை) நிறுத்துங்கள். நேரம் ஒத்திசைந்திருக்கும்போது ஏறத்தாழ பதினோரு நிமிடத்துக்கு ஒரு முறை கெர்னலே ஆர்டிசிக்கு எழுதக்கூடும். உங்கள் சோதனைத் தேதியை அழித்துவிட்டு உங்களைக் குழப்பும். கணினி நேரத்தை மாற்றாமல் ஆர்டிசியில் மட்டும் தேதியை எழுதி, ஐந்து விநாடி விட்டுப் படியுங்கள். நான் எப்போதும் எழுதிப் பார்ப்பவை, எல்லாம் யுடிசியில் 23:59:58: 2024 பிப்ரவரி 28, 2025 பிப்ரவரி 28, நவம்பர் 30, லீப் ஆண்டின் டிசம்பர் 31, சிப்பின் கடைசி நாள். கடைசி நாளைத் தாண்டும்போது என்ன வருகிறது என்பதைவிட, தாண்டிய தேதியை நேரடியாக எழுதினால் மறுக்கிறதா என்பது முக்கியம். எழுதவிட்டு, வேறு தேதியைத் திருப்பித் தந்தால் டிரைவரின் ரேஞ்ச் தப்பு. 32 பிட் அமைப்பில் 2038க்கு மேல் சோதிக்கும்போது பிழை வந்தால் அது எச்டபிள்யூ-கிளாக் கட்டளையின் பிழையாகவும் இருக்கலாம், ரிஜிஸ்டரைப் படித்து உறுதிசெய்யுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சரியான தேதியைத் திருப்பி எழுதிவிட்டு என்டிபியை ஓடவிடுங்கள். அதற்கு முன் ரீபூட் செய்தால் கணினி 2099லேயே எழும். டிஎல்எஸ் சான்றிதழ்கள் எல்லாம் காலாவதி என்று ஒரு தளமும் திறக்காது, கிரான் வேலைகளும் தாறுமாறாக ஓடத் தொடங்கும்.